29-ஆம் இடமும் நம் சண்டையும்: ராடுகானு ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானுவின் ஆட்டத்தை விடாமல் பின்தொடரும் நண்பர்களுக்கு,

வணக்கம். 2025 பருவம் முடிந்துவிட்டது. மெல்போர்னில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓபனின் டிரா (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியல்) வெளியாக இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஆட்டமே இல்லாத இந்த 2025 டிசம்பரில்தான் நம் வாய் அதிகம் ஆடுகிறது. எம்மா ஆண்டை உலகத் தரவரிசையில் 29-ஆம் இடத்தில் முடித்திருக்கிறார். "அடுத்த வருஷம் முதல் பத்து நிச்சயம்" என்று நம்மில் ஒரு பாதி துள்ளுகிறது. "2021 நியூயார்க் பட்டம் ஒரு அதிர்ஷ்டம், இதுதான் அவருடைய நிஜமான உயரம்" என்று மறு பாதி உதட்டைப் பிதுக்குகிறது. இரண்டு பாதிக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். இரு தரப்பும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் மல்லுக்கு நிற்கின்றன. அந்த எண் எதையெல்லாம் கூட்டிக் கிடைத்தது, எதைத் திறந்துவிடும் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

2021-ஐப் பேசாமல் எம்மாவைப் பற்றிப் பேச முடியாது என்பதால் அதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம். அந்தக் கோடையில் விம்பிள்டனுக்கு வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் தரும் நேரடி அழைப்பு) வந்தபோது அவர் 338-ஆம் இடம். பள்ளி இறுதித் தேர்வு எழுதிய கையோடு வந்த 18 வயதுப் பெண். நான்காம் சுற்றில் மூச்சு விட முடியாமல் ஆட்டத்தைப் பாதியில் விட்டார். இரண்டே மாதத்தில் நியூயார்க்கில் அமெரிக்க ஓபன். 150-ஆம் இடத்திலிருந்து தகுதிச் சுற்று வழியாக உள்ளே நுழைந்து, பத்து ஆட்டம், இருபது செட், ஒரு செட்டைக் கூட இழக்காமல் கோப்பை. இறுதியில் லேலா ஃபெர்னாண்டஸை 6-4, 6-3 என்று வென்றார். தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரை வென்றவர், ஆணிலும் பெண்ணிலும், அதற்கு முன் யாரும் இல்லை. பிரிட்டிஷ் பெண்களில் 1977-இல் வர்ஜீனியா வேட் விம்பிள்டன் வென்ற பிறகு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆளும் அவர்தான்.

அந்த ஒரு தொடரில் மட்டும் 2,040 புள்ளிகள். பட்டத்துக்கு 2,000, தகுதிச் சுற்றைத் தாண்டியதற்கு 40. வரத்துக்கால் வெட்டாத கண்மாய் ஒரே இரவு மழையில் நிரம்பி வழிந்த மாதிரி. பத்து மாதம் கழித்து, 2022 ஜூலையில், அவர் 10-ஆம் இடத்தைத் தொட்டபோதும் உள்ளே கிடந்ததில் பெரும்பகுதி அந்த மழைத் தண்ணீர்தான். செப்டம்பரில் நியூயார்க்கில் முதல் சுற்றிலேயே அலிசே கோர்னேயிடம் தோற்றார். 11-இல் இருந்தவர் 83-க்கு இறங்கினார். "சரிவு" என்று அன்று எல்லாரும் தலையில் கை வைத்தோம். சரிந்தது ஆட்டம் இல்லை, கணக்கு. 52 வாரம் ஆன புள்ளி தானாக உதிர்ந்துவிடும், அவ்வளவுதான்.

இதை ஏன் விரிக்கிறேன் என்றால், "அவர் ஏற்கெனவே பத்தாவது இடத்தில் இருந்தவர்தானே, திரும்பிப் போக வேண்டியதுதானே" என்கிற பேச்சு இன்னும் ஓயவில்லை. அங்கே அவர் நடந்து போனதில்லை. தூக்கிக் கொண்டுபோய் வைக்கப்பட்டார். முதல் பத்தில் இருக்கும் ஒருவரை அவர் தன் வாழ்வில் முதன்முதலாக வென்றதே 2024 ஜூனில், ஈஸ்ட்போர்னில், ஜெசிகா பெகுலாவை. நியூயார்க் கோப்பை கைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகிற நேரம் அது! அந்த 2021 ஓட்டத்தில் அவர் பென்சிச்சையும் சக்காரியையும் கிழித்துத் தோரணம் கட்டினார் என்பது உண்மை, ஆனால் அவர்கள் இருவருமே அன்று முதல் பத்துக்கு வெளியே. பட்டத்தின் மதிப்பை இது ஒரு குன்றிமணியும் குறைக்காது. இப்போது முதல் பத்து அவருக்குத் திரும்பும் வீடில்லை, இனிமேல்தான் ஏறவேண்டிய மலை என்பதற்காகச் சொல்கிறேன்.

உண்மையான ஏற்றம் தொடங்கியது வேறு இடத்தில். 2023 மே மாதம் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை. எட்டு மாதம் களத்தில் இல்லை. 2024 ஜனவரியில் ஆக்லாந்தில் திரும்பி வந்தபோது தரவரிசை 300-ஐ ஒட்டிக் கிடந்தது. அந்த ஆண்டு முடிவில் அறுபதுக்குள். அடுத்த ஆண்டு முடிவில் 29. முன்னூறு, அறுபது, இருபத்தொன்பது. இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டு இந்த வரிசையை நம்மிடம் காட்டினால், "யார் இந்தப் பெண், நல்லா வர்றாளே" என்றுதான் சொல்வோம்.

அவநம்பிக்கைக் கட்சிக்காரர்கள் இன்னொரு பிரிட்டிஷ் வீராங்கனையான யோஹானா கோன்டாவை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 கோடையில் கோன்டாவுக்கு வயது 24, இடம் 150-ஐ ஒட்டி. இன்று எம்மாவுக்கு 23. கோன்டா அந்தக் கோடையில் கனடாவில் கிரான்பி, வான்கூவர் என்று கூட்டம் அதிகம் கூடாத சிறு தொடர்களை வரிசையாக வென்றார். அந்த வேகத்திலேயே அமெரிக்க ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து நுழைந்து, முகுருசாவை வீழ்த்தி நான்காம் சுற்று வரை போனார். 2016 தொடக்கத்தில் மெல்போர்ன் அரையிறுதி. 2016 முடிவில் 10-ஆம் இடம். 2017-இல் மயாமி பட்டம், விம்பிள்டன் அரையிறுதி, ஜூலையில் 4-ஆம் இடம். வாரா வாரம் இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம் என்று வென்று சேர்த்த புள்ளி அது. அதனால்தான் ஒரு தொடர் மோசமானாலும் அவர் உடனே எண்பதுக்குப் போய் விழவில்லை. கிராண்ட்ஸ்லாம் கோப்பை கோன்டாவுக்கு வாய்க்கவே இல்லை என்பது வேறு கதை. நம் ஊடகங்கள் அவரைக் கொண்டாடத் தவறிவிட்டன என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு.

சரி, 29-க்கு வருவோம். இந்த எண்ணால் என்ன பயன்? வெறும் கௌரவம் என்று நினைத்தால், 2025-இன் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் எம்மா யாரிடம் தோற்றார் என்று பாருங்கள். மெல்போர்னில் மூன்றாம் சுற்று, ஸ்வியாடெக்: 6-1, 6-0. பாரிஸில் இரண்டாம் சுற்றிலேயே மறுபடி ஸ்வியாடெக்: 6-1, 6-2. விம்பிள்டனில் மூன்றாம் சுற்று, உலகின் முதல் வீராங்கனை சபலென்கா: 7-6, 6-4. நியூயார்க்கில் மூன்றாம் சுற்று, ரைபாகினா: 6-1, 6-2. நான்கு தோல்வி, மூன்று பெயர், மூன்றும் கிராண்ட்ஸ்லாம் வென்ற பெயர்கள். சீடிங் (தரவரிசைப்படி முன்னணி 32 பேருக்குத் தரும் வரிசை எண்) இல்லாதவருக்கு டிராவில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. முதல் சுற்றிலேயே முதல் இடக்காரர் வந்து எதிரே நிற்கலாம். 32-க்குள் வந்துவிட்டால் இன்னொரு சீடை மூன்றாம் சுற்றுக்கு முன் சந்திக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் கவனிக்காத இடம் இதற்கு அடுத்தது: 25 முதல் 32 வரை சீடிங் உள்ளவர் மூன்றாம் சுற்றில் முதல் எட்டில் ஒருவரைச் சந்திக்கும்படிதான் டிரா போடப்படுகிறது. 17 முதல் 24 வரை உள்ளவருக்கு அங்கே 9 முதல் 16 வரை. 16-க்குள் போய்விட்டால் தனக்கு மேலே உள்ளவரைப் பார்ப்பதே நான்காம் சுற்றில்.

ஆகவே 29 என்பது பாதி திறந்த கதவு. 24 முழுசாகத் திறந்த கதவு. ஐந்து இட வித்தியாசம்தான். ஆனால் மூன்றாம் சுற்றில் சபலென்கா நிற்பதற்கும் பதிமூன்றாம் சீட் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கிறது. மூன்றாம் சுற்றில் தோற்றால் 130 புள்ளி, அதை வென்று நான்காம் சுற்றில் தோற்றால் 240, அதையும் வென்றால் 430. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே புள்ளி ஏறக்குறைய இரட்டிக்கிறது. முதல் பத்துக்குத் தேவையானது அவரிடம் இப்போது இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. 24-க்கு அவ்வளவு தூரம் இல்லை. 2026-ஐப் பற்றி நாம் பந்தயம் கட்டுவதென்றால் இந்த இருபத்துநான்கின் மீது கட்டலாம். பத்தைப் பற்றி 2027-இல் சண்டை போட்டுக்கொள்வோம், நேரம் இருக்கிறது.

ஃபார்ம் என்று நாம் சொல்வதற்கும் தரவரிசைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு விம்பிள்டனே சாட்சி. 2024-இல் அங்கே நான்காம் சுற்று, லுலு சன்னிடம் தோல்வி, 240 புள்ளி. 2025-இல் மூன்றாம் சுற்று, 130. ஆக, 110 நஷ்டம். ஆனால் எந்த ஆட்டத்தில் எம்மா சிறப்பாக ஆடினார் என்று கேட்டால், சபலென்காவோடு ஆடியதுதான் என்று உங்களில் யாரும் மறுக்க மாட்டீர்கள். முதல் செட்டில் செட் பாயிண்ட் கையில் இருந்தது. இரண்டாம் செட்டில் 4-1 என்று முன்னிலை. பந்து தரையில் எழும்போதே குறுக்கே புகுந்து பேக்ஹேண்டில் நேர்கோட்டில் அடித்த அந்த அடிகளை நியூயார்க்குக்குப் பிறகு அத்தனை தொடர்ச்சியாக நான் பார்த்ததில்லை. ஆகஸ்டில் சின்சினாட்டியில் அதே சபலென்காவோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடி, மூன்றாம் செட் டை-பிரேக்கில் தோற்றார். தரவரிசைக் கணினி இந்த இரண்டையும் தோல்வி என்று பதிந்துகொண்டு போய்விட்டது. அது அதன் வேலை. நாம் கணினி இல்லையே.

அதற்காக எல்லாவற்றையும் பூசி மெழுகவும் நான் தயாரில்லை. ஸ்வியாடெக்கோடும் ரைபாகினாவோடும் ஆடிய மூன்று ஆட்டங்களின் ஸ்கோரை மறுபடி பாருங்கள்: ஆறு செட்டில் எம்மா எடுத்தது ஏழு கேம். அந்த இடத்தில்தான் இரண்டாவது சர்வ் காட்டிக்கொடுக்கிறது. மெதுவாக, ஒரே உயரத்தில் வந்து உட்காரும் இரண்டாவது சர்வை ரைபாகினா போன்றவர்கள் பரிசாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சர்வ் உள்ளே விழாத நாளில் எம்மாவுக்குத் தற்காப்பே இல்லாமல் போகிறது. ரிட்டர்னில் அவர் உலகத் தரம், அதில் எனக்கு ஐயமில்லை. சர்வ் அந்தத் தரத்தை எட்டும்வரை பெரிய கைகளுக்கு எதிரே இந்த 6-1-கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று முடிக்கும் பழக்கம். செப்டம்பரில் சியோலில் கிரெஜ்சிகோவாவுக்கு எதிராக மூன்று மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி), தோல்வி. அடுத்து பெய்ஜிங்கில் பெகுலாவுக்கு எதிராக மூன்று மேட்ச் பாயிண்ட், அதுவும் தோல்வி, கடைசி செட் 6-0. அதன்பின் வூஹானில் தலைசுற்றிப் பாதியில் வெளியேறினார். நிங்போவில் முதல் சுற்றிலேயே போனார், அத்தோடு பருவம் முடிந்தது. இதை "மனபலம் இல்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது காலில் தெரிகிறது. அவர் அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. ஜனவரியிலிருந்து அக்டோபர் வரை ஓடிய உடம்பு, கடைசி ஒரு மாதத்தில் மூன்றாம் செட்டுக்கு வரும்போது வெறுமையாகிவிட்டது. மேட்ச் பாயிண்டுகளைத் தவறவிட்டது இரண்டு ஆட்டங்களில், இரண்டிலும் அதன்பின் அடுத்த செட்டில் நிற்க முடியாமல் போனது. உடம்பைக் கட்ட ஒரு முழு பருவம் தடையில்லாமல் ஆடியாக வேண்டும், அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது.

பயிற்சியாளர் விவகாரம். இதை எழுதவே அலுப்பாக இருக்கிறது. ரிச்சர்ட்சன், பெல்ட்ஸ், துர்சுனோவ், சாக்ஸ், கேவடே, சில வாரங்கள் பிளாடெனிக், பெட்சி, 2025 ஆகஸ்டில் நடாலோடு பல ஆண்டுகள் இருந்த ஃபிரான்சிஸ்கோ ரோய்க். நியூயார்க் வென்ற இரண்டே வாரத்தில் ரிச்சர்ட்சனை விட்டது சரியில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கேவடே உடல்நலக் காரணத்தால் விலகினார், பெட்சிக்குத் தொலைக்காட்சி வர்ணனை வேலை இருந்தது. எல்லாப் பெயரையும் ஒரே பட்டியலில் போட்டு "எட்டுப் பேரை மாற்றியவள்" என்று எழுதுவது நேர்மையில்லை. புதிதாக வரும் பயிற்சியாளருக்கு நாம் எவ்வளவு அவகாசம் தருகிறோம் என்பதில் எம்மாவின் பங்கு எதுவுமில்லை, நம் பங்குதான்.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 அமெரிக்க ஓபனில் ஆண்கள் நட்சத்திரம் அல்கராசோடு கலப்பு இரட்டையர் ஆடியபோது நம் ரசிகர் குழுக்களில் ஓடிய பேச்சில் பத்தில் ஒரு பங்கு கூட அவருடைய இரண்டாவது சர்வ் பற்றி ஓடியதில்லை. நகை, கார், கைப்பை என்று அவர் எதை விற்றாலும் அது அவர் பாடு. அதனால் பயிற்சி கெட்டதற்கு யாரிடமும் ஆதாரம் கிடையாது. மணிக்கட்டுகளும் கணுக்காலும் கெட்டதற்கு மூன்று அறுவை சிகிச்சைகளே ஆதாரம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. 2025 பிப்ரவரியில் துபாயில் முகோவாவோடு ஆடிக்கொண்டிருந்தபோது, அதற்கு முன் தன்னைப் பின்தொடர்ந்த ஓர் ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு எம்மா நடுவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அடுத்த தொடர் இந்தியன் வெல்ஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்றபோது "ஃபார்ம் போச்சு" என்று எழுதியவர்கள் நமக்குள்ளேயே இருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் மற்றொரு பிரிட்டிஷ் வீராங்கனை கேட்டி போல்டர் தனக்கு வரும் வசைகளையும் கொலை மிரட்டல்களையும் வெளிப்படையாகக் காட்டினார். பந்தயத்தில் பணம் போட்டுத் தோற்றவர்கள் அனுப்புவது அதில் கணிசமான பங்கு. நம் குழுக்களில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்று நம்புகிறேன். ஆனால் தோற்ற இரவில் அவருடைய பக்கத்தில் போய் "ஓய்வு பெறு" என்று எழுதிவிட்டு, மறுநாள் இங்கே வந்து ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை இனி நாம்தான் தட்டிக் கேட்க வேண்டும்.

எம்மா ஒருவர் தோளில் மட்டும் பிரிட்டிஷ் பெண்கள் டென்னிஸ் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும். சோனய் கார்ட்டல் 2025 விம்பிள்டனில் நான்காம் சுற்று, பெய்ஜிங்கில் ஆண்ட்ரீவாவை வென்று காலிறுதி. இரண்டு ஆண்டுக்கு முன் பெயரே பலருக்குத் தெரியாது. அவர் ஆடும் நாளிலும் கொஞ்சம் தொலைக்காட்சி முன் உட்காருங்கள்.

இனி அடுத்த ஆண்டின் கணக்கு. இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது, பிறகு யாரும் அலற வேண்டாம். மெல்போர்னில் காக்க வேண்டியது (2025-இல் பெற்று, 52 வாரத்தில் உதிரப்போகும் புள்ளி) 130. அதன்பின் மார்ச் நடுப்பகுதி வரை இழக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 2025-இல் சிங்கப்பூர், அபுதாபி, தோஹா எல்லாவற்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி, துபாயில் ஒரே ஒரு வெற்றி. அந்த வாரங்களில் நாலு ஆட்டம் வென்றாலே எண் மேலே போகும். அப்போது யாரும் "நான் அப்பவே சொன்னேன்" என்று மார் தட்ட வேண்டாம், காலியிடத்தில் விழுந்த புள்ளி அது. அடுத்து மயாமி. 2025-இல் அங்கே அனிசிமோவாவையும் அன்று பத்தாம் இடத்தில் இருந்த நவாரோவையும் வென்று காலிறுதி, 215 புள்ளி. அது கழியும் திங்கட்கிழமை எண் கீழே போகலாம். அன்றைக்கு ஒப்பாரியும் வேண்டாம். களிமண் பருவத்தை முழுதாக ஆடினால் நான் மகிழ்வேன், அவருடைய ஃபோர்ஹேண்டுக்கு அது நல்லது. கோடையில்தான் மூட்டை கனம்: குவீன்ஸில் 108, விம்பிள்டனில் 130, வாஷிங்டன் அரையிறுதிக்கு 195. அதைத் தாண்டிவிட்டால் ஆசியப் பயணத்தில் மறுபடி காலி நிலம். உடம்பு மட்டும் ஒத்துழைத்தால் 24-ஐ அவர் தொடப்போவது அந்த இலையுதிர் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. மார்ச்சிலேயே தொட்டுவிட்டால் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அதை அவர் தக்கவைப்பாரா என்று மயாமி வரை பொறுத்துப் பார்ப்பேன்.

மெல்போர்ன் டிரா வந்ததும் முதல் சுற்றில் யார் என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மூன்றாம் சுற்றில் எதிரே எந்த சீட் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தில் இரண்டாவது சர்வில் வென்ற புள்ளிகளின் விழுக்காட்டைப் பாருங்கள். ஐம்பதுக்கு மேலே இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், தோற்றிருந்தாலும் சரி.

அன்புடன்,
உங்களில் ஒரு ரசிகர்